சாத்துக்குடி மரம் பூசிய தைலம்

மூட்டு வலித் தைலத்தின் வாசனை தெரியாத வீடு நம் பக்கத்தில் இருக்காது. தலைமாட்டில் ஒரு சின்ன பாட்டில், சாமி அலமாரியில் ஒன்று, ஊருக்குக் கிளம்பினால் கைப்பையில் ஒன்று. மூடியைத் திறந்ததும் சுள்ளென்று மூக்கில் ஏறுகிற அந்த வாசனைக்கு முக்கியக் காரணம் மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள். ஊட்டிக்குச் சுற்றுலா போனால் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்திலேயே ‘விண்டர்கிரீன்’ தைலம் என்று விற்பார்களே, அதில் இருப்பதும் இதேதான். நீலகிரி மலையில் தானாக வளரும் ஒரு புதர்ச்செடியின் இலையில் அது நிறைய இருக்கிறது.

ஆனால், செடிகள் இந்தத் தைலத்தை நம் முழங்காலுக்காகத் தயாரிக்கவில்லை. கிருமி தொற்றினாலோ, பூச்சி கடித்தாலோ ஏராளமான செடிகள் இதைச் சொந்தமாகத் தயாரித்துக் காற்றில் விடுகின்றன. நமக்கு உடம்பு சரியில்லை என்றால் வீடே தைல வாசனை அடிக்கிற மாதிரி, அவற்றுக்கும் ஒரு நோய் வாசனை உண்டு. நம் மூக்குக்கு அது எட்டாது. எட்ட வேண்டியவர்களுக்கு எட்டிவிடும். அப்படி எட்டுகிறவர்களில் ஒருவர் மரத்துக்கு எதிரி, இன்னொருவர் அந்த எதிரிக்கு எதிரி. எங்கள் வீட்டில் ஒரு மரத்தை வெட்டுவதா வேண்டாமா என்று மூன்று வாரம் நடந்த பஞ்சாயத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம் இது.

பொடக்காளியில் ஒரு நோயாளி

எங்களுக்குச் சாமளாபுரம். திருப்பூர் மாவட்டத்தில், நொய்யல் தண்ணீர் வந்து நிற்கிற பெரிய குளத்தை ஒட்டிய ஊர். பனியன் துணிக்குத் திருப்பூர் என்றால், விசைத்தறிக்கு நாங்கள், சோமனூர், பல்லடம் எல்லாம். எங்கள் வீட்டிலும் கூலிக்கு ஓட்டுகிற தறிக்குடோன் உண்டு. குடோனுக்குப் பின்னால் பொடக்காளி. அங்கே ஒரு சாத்துக்குடி, ஒரு பெரிய கறிவேப்பிலை, இரண்டு தென்னை, ஒரு முருங்கை.

சாத்துக்குடி என் மாமனார் வைத்தது. அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவருக்குச் சர்க்கரை இருந்ததால் அவர் ஒரு பழம்கூட முழுதாகச் சாப்பிட்டதில்லை. ஆனால், தறிக்கு வருகிற ஆட்களின் பிள்ளைகளுக்கு வெயில் காலத்தில் ஆளுக்கு ஒன்று பறித்துக் கொடுப்பார். அதனால் என் மாமியாருக்கு அது மரம் மட்டும் இல்லை.

இரண்டு வருஷம் முன்னால் அதில் ஒரு கிளை மட்டும் மஞ்சளாகத் தொடங்கியது. சத்துக் குறைவு என்று நினைத்து எரு வைத்தோம். அடுத்த வருஷம் பாதி மரம் மஞ்சள். காய் சின்னதாக, ஒரு பக்கம் கோணலாக வந்தது. அடிப்பக்கம் பச்சையாகவே நின்றது. அறுத்தால் கசப்பு, விதை பொக்கு.

விவசாயம் படித்த என் அக்கா மகள் விடுமுறைக்கு வந்தவள் ஓர் இலையைக் கிள்ளி, பேனாவை எடுத்தாள். நடு நரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு வட்டம், அந்தப் பக்கம் சரியாக அதே இடத்தில் ஒரு வட்டம் போட்டாள். “ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதான்னு பாருங்க சித்தி” என்றாள். ஒரு வட்டத்துக்குள் மஞ்சள், இன்னொன்றுக்குள் பச்சை. துத்தநாகச் சத்துக் குறைவு என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி மஞ்சளாகும். இப்படித் தாறுமாறாகத் திட்டுத் திட்டாக இருந்தால் வேறு சந்தேகம் வரவேண்டும். இலையைக் கோயம்புத்தூரில் ஓர் ஆய்வகத்துக்குக் கொடுத்துப் பார்த்தோம். சந்தேகம் சரிதான். கிரீனிங் நோய்.

எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி, நார்த்தை என்று அந்தக் குடும்பத்தையே பிடிக்கிற நோய் இது. இலையில் தயாராகிற சர்க்கரைச் சாறு ஓடும் குழாய்களுக்குள் ஒரு பாக்டீரியா குடியேறி அடைத்துக்கொள்கிறது. பிடித்த மரத்தைக் குணமாக்க இன்றுவரை மருந்து இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2005-ல் இது கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன், 2003-04 பருவத்தில் அங்கே விளைந்த ஆரஞ்சு சுமார் 24 கோடிப் பெட்டி. இருபதே வருஷத்தில் அது 2 கோடிப் பெட்டிக்கும் கீழே போய்விட்டது. புயல்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால், தோட்டங்களை உள்ளிருந்து அரித்தது இந்த நோய்தான்.

கூப்பிட்டு, ஏமாற்றி, அனுப்புகிற வாசனை

இந்த பாக்டீரியாவுக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. மரம் விட்டு மரம் போக அதற்கு ஒரு வாகனம் வேண்டும். சைலிட் என்கிற எள் அளவுப் பூச்சிதான் அந்த வாகனம். பழுப்பு நிறம். தலையை இலையில் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்திருக்கும். அந்த உட்காருகிற தோரணையை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். இந்தியாவில் கிரீனிங் நோயைப் பரப்புவது இதுதான் என்று 1967-ல் கப்பூர், ராவ், விஸ்வநாத் என்ற மூன்று விஞ்ஞானிகள் எழுதினார்கள்.

அந்தப் பூச்சி நோயுள்ள மரத்தைத் தேடி வருவதற்கு வழி சொல்வது வாசனை. ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் இதை வெளியிட்டார்கள். நோயுள்ள ஆரஞ்சுச் செடி, நல்ல செடியைவிட அதிகமாக மெத்தில் சாலிசிலேட்டைக் காற்றில் விடுகிறது. அதாவது, நம் தைல வாசனை. சைலிட் கடித்தாலும் செடி அதே வாசனையைத்தான் விடும். அதனால் ஒரு சைலிட்டுக்கு அந்த வாசனையின் அர்த்தம், ‘இங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள், சாப்பாடு இருக்கிறது, துணை கிடைக்கும்’ என்பது. நோயுள்ள மரம் பூச்சியே இல்லாமல் அந்த அறிவிப்பைச் செய்கிறது. பூச்சி நம்பி வருகிறது.

வந்து உட்கார்ந்து உறிஞ்சிப் பார்த்தால் சாப்பாடு சரியில்லை. நோயுள்ள செடியில் தழைச்சத்து, இரும்பு, துத்தநாகம் எல்லாம் குறைவு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பூச்சி கிளம்பி, பக்கத்தில் இருக்கும் நல்ல செடிக்குப் போய்விடுகிறது. போகும்போது வாயில் கிருமியோடு போகிறது. கூப்பிடுவதற்கு வாசனை, துரத்துவதற்கு மோசமான சாப்பாடு. கிருமிக்கு வேண்டியது அதுதானே!

இந்தத் தந்திரம் சாத்துக்குடிக்கு மட்டும் சொந்தமில்லை. பூசணி வகைச் செடிகளைத் தேமல் வைரஸ் பிடித்தால் என்ன ஆகிறது என்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள்; 2010-ல் வெளியானது. நோயுள்ள செடி வாசனையைக் கூட்டி அசுவினியை வரவழைக்கிறது. அசுவினி ஒரு வாய் குத்திப் பார்த்துவிட்டு, ருசி பிடிக்காமல் சட்டென்று பறந்துவிடுகிறது. அந்த வைரஸ் ஒட்டிக்கொள்வது பூச்சியின் வாய் முனையில்தான். ஒரு குத்துக் குத்திவிட்டு ஓடுவதுதான் அதற்கும் வசதி.

இதைப் படித்துக் காட்டியபோது என் மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “கலியாண வீடுன்னு சொல்லிக் கூப்புட்டு, பழைய சோறு போட்டுத் தொரத்துன கதையா இருக்குது” என்றார். விஞ்ஞானிகள் பத்துப் பக்கம் எழுதியதை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம்

எங்கள் மரம் மட்டும் போகிற விஷயமாக இருந்திருந்தால் பஞ்சாயத்தே வந்திருக்காது. காய்ந்து போகிறவரை இருக்கட்டும் என்று விட்டிருப்போம். ஆனால், பொடக்காளி வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அண்ணனுடைய எலுமிச்சைத் தோட்டம். ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல். தறி ஓடாத மாதங்களில் அந்த எலுமிச்சைக் காசில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. மகளின் கல்லூரிக் கட்டணமும் அதிலிருந்துதான்.

அவர் ஒருநாள் வேலியோரம் நின்று, “ஏனுங்க அம்மிணி, உங்க மரத்துல இருந்துதான் பூச்சி என்ற தோட்டத்துக்கு வருதாட்ட இருக்குது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடம்.

மாமியாரிடம் போய் மரத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “நட்டவரே போயிட்டாரு. மரமாவது இருக்கட்டும் கண்ணு” என்றார். அதற்குமேல் என்னால் அன்று பேச முடியவில்லை. என் கணவர் வழக்கம்போல, “நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க” என்று குடோனுக்குள் போய்விட்டார். தறிச் சத்தத்துக்குள் போய்விட்டால் அவரை யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

தோட்டத்து அண்ணன் இன்னொரு வழி சொன்னார். “மருந்து அடிச்சு உட்டர்லாம். உங்க சாத்துக்குடி, கறிவேப்பிலை, என்ற தோட்டம் எல்லாத்துக்கும் ஒரே நாள்ல அடிச்சா பூச்சியே இருக்காது.” கேட்க எளிதாகத்தான் இருந்தது. கறிவேப்பிலையை ஏன் சேர்த்தார் என்றுதான் எனக்கு முதலில் புரியவில்லை.

கறிவேப்பிலையின் பின்பக்கம்

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். சைலிட்டுக்குக் கறிவேப்பிலைத் தளிர் என்றால் உயிர். காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் ஏக்கர் கணக்கில் கறிவேப்பிலை போடுகிறவர்களைக் கேட்டால் இந்தப் பூச்சியைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குப் பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பக் கூடாது என்பதற்குக் காரணமும் இந்தப் பூச்சிதான். கறிவேப்பிலை கிரீனிங் நோயில் படுப்பதில்லை. ஆனால், வாகனத்துக்கு நிழலும் சாப்பாடும் கொடுக்கும்.

அதனால் தோட்டக்காரர்கள் மருந்து அடிக்கிறார்கள். அடித்த மருந்து இலையிலேயே தங்குகிறது. இந்தியாவிலிருந்து போகிற கறிவேப்பிலையில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று ஐரோப்பிய ஒன்றியம் தனியாகச் சோதனை வைத்திருக்கிறது. எங்கள் கறிவேப்பிலை எங்கும் ஏற்றுமதி ஆவதில்லை. எங்கள் ரசத்துக்குத்தான் வருகிறது. தெருவில் நாலு வீட்டுக்கும் போகிறது. அதற்கு மருந்து அடிப்பதென்றால் யோசிக்க வேண்டும் அல்லவா?

அக்கா மகளுக்குப் போன் செய்தேன். “அடிக்கறதுக்கு முன்னாடி தளிரோட பின்பக்கத்த ஒருவாட்டி பாருங்க சித்தி. பழுப்பா, காஞ்சு ஒட்டுன பூச்சி இருக்குதா, அதுல ஓட்டை இருக்குதான்னு பாருங்க” என்றாள்.

மாமியாரின் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன். பஞ்சாங்கம் பார்க்கிற கண்ணாடி அது. தளிரைத் திருப்பினால் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் குஞ்சுப் பூச்சிகள். பின்னால் வெள்ளை நூல் மாதிரி மெழுகு. அவற்றுக்கு நடுவில் சில மட்டும் அசையாமல், வறுத்த கடுகு மாதிரி பழுப்பாக இலையோடு ஒட்டிக்கிடந்தன. அவற்றில் சிலவற்றின் தலைப்பக்கம் குண்டூசியால் குத்தின மாதிரி ஒரு வட்ட ஓட்டை. அன்று பதினாலு தளிரில் அப்படி இருபத்து மூன்று எண்ணினேன்.

அந்த ஓட்டைக்குச் சொந்தக்காரரின் பெயர் டமாரிக்ஸியா ரேடியேட்டா. ஒரு மில்லிமீட்டர் அளவு குளவி. நம்மைக் கொட்டாது, நாம் இருப்பதே அதற்குத் தெரியாது. சைலிட் குஞ்சின் வயிற்றுக்கு அடியில் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு அந்தக் குஞ்சை அடியிலிருந்து சாப்பிட்டு, அதன் தோலைக் கூரையாக வைத்துக்கொண்டு வளர்ந்து, குளவியாகி, ஓட்டை போட்டு வெளியே வரும். முட்டை வைக்காத நேரத்தில் தாய்க் குளவியே குஞ்சுகளைக் குத்திச் சாப்பிடும். இரண்டையும் சேர்த்து ஒரு தாய்க் குளவி தன் வாழ்நாளில் ஐந்நூறு குஞ்சுகள் வரை ஒழிக்கக்கூடும் என்கிறார்கள்.

இது நம் மண்ணின் குளவி. பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் பிடித்த குளவிகளை வைத்துத்தான் 1922-ல் வாட்டர்ஸ்டன் என்பவர் இதை முதலில் விவரித்தார். 1978-ல் இந்தியாவிலிருந்து இதை ரீயூனியன் தீவுக்குக் கொண்டுபோனார்கள். கரும்புத் தோட்ட வேலைக்குப் போன நம் தமிழர்களின் வம்சம் இன்றும் வாழ்கிற அதே தீவுதான். அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களில் சைலிட்டை அடக்கியதில் இந்தக் குளவிக்குப் பெரிய பங்கு உண்டு. கலிஃபோர்னியாக்காரர்கள் பாகிஸ்தான் பஞ்சாபுக்கே வந்து பிடித்துக்கொண்டுபோய் 2011-ல் தங்கள் ஊரில் விட்டார்கள்.

இவ்வளவு சின்னக் குளவி, இவ்வளவு பெரிய மரத்தில், இலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற குஞ்சை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதற்கும் பதில் அதே தைலம்தான். 2014-ல் அதே ஃபுளோரிடாக் குழுவினர் வெளியிட்டது இது: நோயுள்ள செடியின் மெத்தில் சாலிசிலேட் வாசனை குளவியையும் இழுக்கிறது. நோயுள்ள செடியில் இருந்த குஞ்சுகளைக் குளவி அதிகமாகத் தாக்கியது. மரம் போட்ட கூச்சலைக் கேட்டுத் திருடனும் வருகிறான், போலீஸும் வருகிறது.

யாரை அழிக்கிறோம்?

எங்கள் பஞ்சாயத்தின் முடிச்சு இங்கேதான் அவிழ்ந்தது. எல்லா மரத்துக்கும் ஒரே நாளில் மருந்து அடித்தால் சைலிட் சாகும், குளவியும் சாகும். ஆனால், நோயுள்ள மரம் அப்படியே நிற்கும். மருந்தால் அதன் உள்ளே இருக்கும் கிருமியை ஒன்றும் செய்ய முடியாது. அது வாசனை விடுவதை நிறுத்தாது. பத்துப் பதினைந்து நாளில் எங்கிருந்தோ புதுச் சைலிட் அந்த வாசனையைப் பிடித்து வரும். அப்போது போலீஸ் இருக்காது. சைலிட் ஒன்று நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். குளவி பெருகுவதென்றால் முதலில் சைலிட் குஞ்சு பெருகியாக வேண்டும். எப்போதும் திருடனுக்குப் பின்னால்தான் போலீஸ் வரமுடியும்.

அப்படியானால் குளவியையே நம்பி, மரத்தையும் விட்டு வைக்கலாமா? மாமியார் இதைத்தான் கேட்டார். “குளவிதான் வருதுல்ல, அது பாத்துக்காதா?” நியாயமான கேள்வி. ஆனால், குளவி குஞ்சைத்தான் பிடிக்கும். பறக்கிற சைலிட்டை ஒன்றும் செய்யாது. நோயுள்ள மரத்தில் வாய் வைத்துவிட்டு வேலி தாண்டுகிறதே, அது பறக்கிற சைலிட். நோயை எடுத்துப்போக நூறு பூச்சி வேண்டாம். சில பூச்சிகள் போதும். குளவியால் பூச்சியின் எண்ணிக்கையைக் குறைக்க முடியும். நோய் ஊற்றை அடைக்க முடியாது. அதை அடைக்க வேண்டியது நாங்கள்தான்.

இதை நான் விளக்கிச் சொன்னதால் அவர் மனம் மாறினார் என்று சொன்னால் அது பொய். ஒருநாள் காலையில் வேலியோரம் தோட்டத்து அண்ணனின் மகள் கல்லூரிப் பையோடு நின்றிருந்தாள். “பாட்டி, எங்க மரத்துலயும் ரெண்டு இலை மஞ்சளா இருக்குதுங்க, வந்து பாக்கறீங்களா?” என்று கேட்டாள். இவர் பேனாவோடு போனார். இரண்டு வட்டம் போட்டுப் பார்த்தார். அது சத்துக் குறைவுதான். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, “ஆளச் சொல்லிரு” என்றார். அவ்வளவுதான்.

வெட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. பூச்சி இருக்கும்போதே மரத்தை அசைத்தால் அத்தனையும் எழுந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். அதனால் முதலில் அந்த ஒரு மரத்துக்கு மட்டும், காற்று இல்லாத சாயங்காலம், தோட்டத்து அண்ணனே வந்து மருந்து அடித்துக் கொடுத்தார். கறிவேப்பிலையைப் பழைய வேட்டியால் மூடிக் கட்டினோம். இரண்டு நாள் கழித்து மரத்தை வெட்டி, மறுபடி துளிர்க்காதபடி தூரையும் தோண்டி எடுத்தோம். மாமியார் அன்று கோயிலுக்குப் போய்விட்டார். நாங்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

காற்றில் போகிற கடிதம்

அதற்குப் பிறகு இந்த வாசனை விஷயத்தை நான் விடாமல் படித்து வருகிறேன். 2023-ல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தார் ஒன்று கண்டுபிடித்தார்கள். அசுவினி கடித்த செடி விடும் மெத்தில் சாலிசிலேட்டைப் பக்கத்துச் செடியும் உணர்ந்து, தனக்கு ஆபத்து வருவதற்கு முன்பே எதிர்ப்புச் சக்தியை ஏற்றிக்கொள்கிறது. அசுவினி பரப்பும் சில வைரஸ்கள் இந்த எச்சரிக்கையையே அடக்கிவிடுகின்றன என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். அந்தக் கடிதத்தைப் பூச்சி, குளவி, பக்கத்துச் செடி என்று எல்லோரும் படிக்கிறார்கள். நடுவில் கிருமி திருத்தியும் எழுதுகிறது.

மனிதர்களும் இதைப் படிக்கப் பழகுகிறார்கள். அமெரிக்க வேளாண் துறையினர் நாய்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிரீனிங் பிடித்த மரங்களை மோப்பம் பிடிக்க வைத்தார்கள். இலையில் மஞ்சள் தெரிவதற்கு வெகு முன்பே நாய்கள் 99 சதவீதத்துக்கும் மேல் சரியாகக் காட்டின என்று 2020-ல் எழுதினார்கள். நாய் பிடிப்பது தைல வாசனையை அல்ல, அந்தக் கிருமியின் வாசனையையே என்பது அவர்கள் முடிவு.

இன்னொரு செய்தி எங்கள் ஊர்க்காரர்கள் யோசிக்க வேண்டியது. பிரிட்டனில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 2013-ல் செய்த சோதனையில், கடுகு இனப் பூவின் வாசனையில் டீசல் புகை கலந்ததும் அதன் சில பொருட்கள் அழிந்துபோய், தேனீக்களுக்கு அந்த வாசனையே அடையாளம் தெரியவில்லை. அது பூ வாசனை, இது நோய் வாசனை. ஆனாலும் கரண்ட் போனதும் ஜெனரேட்டர் முடுக்குகிற தெருவில் வாழ்கிறவள் நான். நம் புகைக்கு நடுவில் ஒரு மில்லிமீட்டர் குளவி தன் வழியைத் தேடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு இப்போது அடிக்கடி வருகிறது.

உங்கள் வீட்டிலும் பார்க்கலாம்

வீட்டில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ வைத்திருப்பவர்கள் சில விஷயங்களைச் செய்யலாம். தளிர் சுருண்டால் உடனே மருந்துக் கடைக்கு ஓடாமல், ஒரு பூதக்கண்ணாடியோடு இலையின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஓட்டை போட்ட பழுப்புக் கூடுகள் இருந்தால் உங்களுக்கு ஏற்கெனவே ஆள் வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தத் தளிர்களை விட்டுவிட்டு, குஞ்சு மட்டும் அப்பியிருக்கிற தளிர்களைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். சைலிட் குஞ்சு இளந்தளிரில்தான் வளரும்; தளிர் போனால் அதுவும் போகும்.

மரத்தில் எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். குஞ்சுகள் விடும் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் காவல் நின்று குளவியை விரட்டிவிடும். அடிமரத்தில் ஒரு துணியைச் சுற்றி, அதன்மேல் விளக்கெண்ணெய் தடவி வைத்தோம். காயக் காய மறுபடி தடவுகிறோம். எறும்பு குறைந்திருக்கிறது. அதிகமாகப் போனால் மட்டும், இடித்த வேப்பங்கொட்டையை ஊறவைத்து வடித்த சாற்றைச் சாயங்கால நேரத்தில் தெளிக்கிறோம். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ கொட்டை என்பது விவசாயிகள் கணக்கு, வீட்டுக்கு 2 லிட்டருக்கு 100 கிராம். பொறிவண்டுகளும் வந்து போகின்றன. எலுமிச்சை, சாத்துக்குடி இலையில் மஞ்சள் திட்டு கண்டால் பேனாவை எடுங்கள். சந்தேகம் என்றால் பரிசோதனைக்குக் கொடுங்கள். உறுதியானால், பக்கத்துத் தோட்டக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சாத்துக்குடி இருந்த இடத்தில் மாமியார் கொய்யா வைத்திருக்கிறார். வியட்நாமில் மீகாங் ஆற்றுப் படுகை விவசாயிகள் ஆரஞ்சுக்கு நடுவே கொய்யா நட்டபோது சைலிட் குறைவாக வந்ததைக் கவனித்திருக்கிறார்கள். கொய்யா இலையின் வாசனை பூச்சிக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லப்பட்டது. மற்ற நாடுகளில் அதே அளவு பலன் கிடைக்கவில்லை. அதனால் பூச்சி வராது என்று நான் யாருக்கும் உத்தரவாதம் தரவில்லை. மாமியாருக்கும் அந்தக் கணக்கெல்லாம் இல்லை. “தறிக்கு வர்ற பசங்களுக்குக் கொய்யான்னா புடிக்கும்” என்றார். இப்போது இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் எலுமிச்சை இந்தப் பருவம் நன்றாகக் காய்த்திருக்கிறது என்று அண்ணன் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். பாதியை ஊறுகாய் போட்டோம்.